ஐந்து ஓட்டுக்கும் குறைவு: லூயிஸ் டியான்ட்டுக்காக கூப்பர்ஸ்டவுனுக்கு ஒரு திறந்த மடல்

கூப்பர்ஸ்டவுன் தேசிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இயக்குநர் குழுவினருக்கு,

2024 டிசம்பர் 8ஆம் தேதி டல்லாஸில் உங்கள் கிளாசிக் எரா கமிட்டி, அதாவது பழைய காலத்து ஆட்டக்காரர்களில் யாரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழு, கூடி ஓட்டெடுத்தது. பட்டியலில் எட்டுப் பேர். டேவ் பார்க்கருக்கு 14 ஓட்டு, டிக் ஆலனுக்கு 13, டாமி ஜானுக்கு 7. மீதி ஐந்து பேருக்கு எத்தனை விழுந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. ‘ஐந்துக்கும் குறைவு’ என்று ஐவரையும் ஒரே வரியில் சுருட்டி வைத்துவிட்டீர்கள். அந்த ஐவரில் ஒருவர் லூயிஸ் டியான்ட், பிட்சர், அதாவது பந்து வீசுபவர். ஓட்டெடுப்புக்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால், அக்டோபர் 8ஆம் தேதி, மெய்ன் மாநிலத்தின் வெல்ஸ் ஊரில், தன் 83ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆலனும் பார்க்கரும் தேர்வானதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இருவரும் எப்போதோ உள்ளே போயிருக்க வேண்டியவர்கள். டியான்ட்டை நிறுத்துப் பார்த்து, போதாது என்று நேர்மையாக முடிவு செய்திருந்தால் அதையும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் உங்கள் விதிமுறையில் அவரை ஒழுங்காக நிறுத்துப் பார்க்கவே வழியில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம், இந்த ஊர்ப்பக்கம் குடியேறிய பிறகு பேஸ்பாலைப் பிடித்துக்கொண்ட தமிழர்கள் கணிசமாக இருக்கிறோம். ஹால் ஆஃப் ஃபேம் என்றால் ஏதோ கணக்குப் போட்டுக் கொடுக்கும் பட்டம் என்று எங்களில் பலர் நினைக்கிறார்கள். அங்கே கணக்கு எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

பாஸ்டனுக்கு நான் மேற்படிப்புக்கு வந்தது 1974 ஆகஸ்ட் கடைசியில். அடுத்த மாதமே, பள்ளிகளில் இன ஒதுக்கலை நீக்க நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கறுப்பினக் குழந்தைகள் போன பேருந்துகள்மேல் கல் விழுந்தது. எங்களைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு மூத்த மாணவர்கள் சொன்ன முதல் அறிவுரையே எந்தெந்தத் தெருப் பக்கம் போகக்கூடாது என்பதுதான். அந்த ஊரில் மாலை நேரத்தில் போய் உட்கார நாங்கள் கண்டுபிடித்த இடம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மைதானமான ஃபென்வே பார்க். அதிலும் ப்ளீச்சர். மைதானத்தின் கடைக்கோடியில், கூரை இல்லாத, இருப்பதிலேயே மலிவான பெஞ்சு வரிசை. ஆட்டம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன் ஸ்கோர் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டே, இது ஏன் அவுட், அது ஏன் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். மனிதர் பேசுவதை நிறுத்துவது டியான்ட் மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், ஏறும் நாளில் மட்டும்தான்.

அந்த ஆட்டக்காரர் பந்து வீசும் விதத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பேஸ்பாலில் பிட்சர் ஓடிவந்து வீசுவதில்லை, நின்ற இடத்திலிருந்துதான். மற்றவர்கள் பேட்டரைப் பார்த்தபடி காலைத் தூக்குவார்கள். டியான்ட் கையுறைக்குள் பந்தை வைத்து, அதை ஆட்டி ஆட்டி இடுப்புவரை இறக்குவார். அப்புறம் உடம்பு முழுசாகத் திரும்பும். முதுகு பேட்டருக்கு, முகம் சென்டர் ஃபீல்டுக்கு. கண் வானத்தில் எதையோ தேடும், தலை ஒரு வெட்டு வெட்டும், அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். ஒரு பந்து தலைக்கு மேலிருந்து வரும், அடுத்தது பக்கவாட்டில், அதற்கடுத்தது முழங்கால் உயரத்திலிருந்து. தொப்பை தள்ளிய, மீசை தொங்கிய, வயதில் மூத்தவராகத் தெரிந்த மனிதர். பெரிய பணக்காரர்கள் உட்காரும் ஹோம் பிளேட் பக்கத்து நாற்காலிகளுக்கு அந்த நேரத்தில் தெரிவது அவர் முதுகுதான். அவர் முகம் பார்த்தது ப்ளீச்சரில் இருந்த நாங்கள்.

‘லூ-ஈ, லூ-ஈ, லூ-ஈ’ என்று மொத்த மைதானமும் கத்தும். காலையில் பேருந்துமேல் கல்லெறிந்தவனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். கியூபாவிலிருந்து வந்த ஒரு கறுப்பருக்காக அவனும் தொண்டை கிழியக் கத்தியிருப்பான். அந்த முப்பதாயிரம் பேர் அதனால் திருந்திவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஊர் பழைய ஊர்தான். ஆனால் ரெட் சாக்ஸ் என்பது பெரிய லீக் அணிகளிலேயே கடைசியாக, 1959ல்தான், ஒரு கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்ட அணி. பதினைந்து வருடம் கழித்து அந்த அணியின் செல்லப்பிள்ளை டியான்ட். உங்கள் அருங்காட்சியகம் பேஸ்பாலின் வரலாற்றைச் சொல்வது உண்மையென்றால், இதுவும் அந்த வரலாற்றில்தான் வருகிறது.

சரி, உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு எண்களுக்கு வருகிறேன். 229 வெற்றி, 172 தோல்வி. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்கும் ஸ்ட்ரைக் அவுட் 2,416. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.30 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தவர், அதாவது ஈ.ஆர்.ஏ 3.30. எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தானே வீசி முடித்தது, ஷட் அவுட் என்பார்கள், 49 முறை. நான்கு பருவங்களில் 20 வெற்றியோ அதற்கு மேலோ. கியூபாவில் பிறந்தவர்களில் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் இத்தனை ஆட்டம் ஜெயித்த பிட்சர் வேறு யாரும் இல்லை.

1968ல் கிளீவ்லாந்து அணிக்கு 21 வெற்றி, ஈ.ஆர்.ஏ 1.60, அமெரிக்கன் லீக்கிலேயே அதுதான் முதலிடம். ஒன்பது ஷட் அவுட். அவரை எதிர்த்து ஆடியவர்களின் மொத்த பேட்டிங் சராசரி .168, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 168 ஹிட்தான். அந்த வருடம் ஜூலை 3ஆம் தேதி மினசோட்டாவுக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ் வீசி 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பத்தாவது இன்னிங்ஸில் எதிரணி ஆட்கள் இருவர் முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்கிறார்கள், இன்னும் ஒரு அவுட்கூட விழவில்லை. ஒரு ரன் வந்தால் ஆட்டம் கையை விட்டுப் போகலாம். வரிசையாக மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து அனுப்பினார். கிளீவ்லாந்து 1-0 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு பாப் கிப்சன், டென்னி மெக்லேன் என்ற பிட்சர்கள் வேறு உச்சத்தில் இருந்ததால் இது யார் நினைவிலும் சரியாக நிற்கவில்லை. பிட்சர்கள் இப்படி ஆட்டத்தைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்றுதான் அடுத்த வருடமே மவுண்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள்.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு அந்த 1.60ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1969ல் 20 தோல்வி. கிளீவ்லாந்து அவரை மினசோட்டாவுக்குத் தள்ளிவிட்டது. 1970ல் முதல் ஆறு வெற்றிகளுக்குள் தோல்வியே இல்லை, அப்புறம் தோள்பட்டை எலும்பு முறிந்தது. 1971 வசந்தத்தில் மினசோட்டா அவரை வெறுமனே விடுவித்துவிட்டது. அட்லாண்டா தன் கிளை அணியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றது. முப்பது வயது, தோள் போன பிட்சர், யாருக்கும் வேண்டாத சரக்கு. பாஸ்டன் தன் லூயிவில் கிளை அணியில் சேர்த்து, பிறகு மேலே கூப்பிட்டுக்கொண்டது. அந்த வருடம் ஒரு வெற்றி, ஏழு தோல்வி. அப்போதும் அணியில் வைத்துக்கொண்டார்கள். 1972ல் ஈ.ஆர்.ஏ 1.91, மறுபடி லீக்கில் முதலிடம். வேகம் முன்னைப் போல இல்லை. அந்த முதுகு திருப்பலையும், கை வரும் கோணங்களையும், தலை ஆட்டலையும் வைத்து ஒரு புது பிட்சரை அவர் தனக்குள்ளிருந்தே செய்துகொண்டார். 1973ல் 20 வெற்றி, 1974ல் 22, 1976ல் 21.

இடையில் விட்டது 1975. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவருடைய அப்பா பெயரும் லூயிஸ் டியான்ட்தான். இடது கைப் பிட்சர். நிறத்தின் காரணமாகப் பெரிய லீக்குகளில் கால்வைக்க முடியாமல் நீக்ரோ லீக்கில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடியவர். 1947ல் அந்த அணி நீக்ரோ உலகத் தொடரை வென்றது. அதே 1947ல்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெரிய லீக்கின் கதவைத் திறந்தார். அப்பா டியான்ட்டுக்கு அதற்குள் நாற்பது வயது, அந்தக் கதவால் அவருக்கு என்ன பயன்? ஹவானாவுக்குத் திரும்பி பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். அமெரிக்காவில் தான் பட்டதை நினைத்து, மகன் பேஸ்பால் ஆடவே கூடாது என்றவர் அவர். அம்மாதான் ஆட விட்டார். மகன் மெக்சிகோ சிட்டி டைகர்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த 1961ல் கியூபாவின் நிலைமை மாறியது. திரும்பி வராதே என்று அப்பாவே எழுதினார். மகன் போகவில்லை. அமெரிக்காவுக்கு வந்தால் இங்கே வட கரோலினாவின் பர்லிங்டன் அணியில், வெள்ளைக்கார சகாக்கள் சாப்பிடும் ஓட்டலுக்குள் இவருக்கு இடம் கிடையாது. அப்பா எதைச் சொல்லிப் பயப்பட்டாரோ அதே.

பதினான்கு வருடம் அப்பாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளவில்லை. 1975ல் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் கியூபா போனபோது, மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் எழுதிய கடிதத்தைக் காஸ்ட்ரோவிடம் கொடுத்தார். அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் பெற்றோர் லோகன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். எனக்கு அப்போது வீட்டோடு இருந்த ஒரே தொடர்பு நீல நிற ஏரோகிராம். விமான டிக்கெட்டுக்குக் காசு சேரும்வரை அப்பா அம்மாவைப் பார்க்க வழியில்லாத வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வெட்டி வைத்துக்கொண்டோம் தெரியுமா? எங்களுக்குத் தடையாக இருந்தது பணம், அவருக்கு இரண்டு அரசாங்கம்.

ஆகஸ்ட் 26ஆம் தேதி ஃபென்வேயில் அப்பா டியான்ட்டை மவுண்டுக்கு அழைத்தார்கள், ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாக முதல் பந்து வீச. எழுபதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். வீசினார். பந்து தாழ்வாகப் போனது. கூட்டம் கைதட்டியது, அவருக்குத் திருப்தி இல்லை. பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி இன்னொரு முறை வீசினார். அது சரியாக விழுந்தது. என் பக்கத்துத் தபால்காரர் தன் ஸ்கோர் அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால் ஓரத்தில் எதையோ எழுதி வைத்துக்கொண்டார். 2020ல் நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்குகளாக அங்கீகரித்தார்கள். அந்தக் கணக்குப்படி இப்போது அப்பாவும் மேஜர் லீக் ஆட்டக்காரர்தான். 73 வருடம் தாமதம். பேஸ்பாலுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த அக்டோபரில் சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிரான உலகத் தொடரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆட்டம் ஷட் அவுட், 6-0. அமெரிக்கன் லீக்கில் 1973 முதல் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்வது வழக்கமாகிவிட்டதால் டியான்ட் பல காலம் பேட்டையே தொடவில்லை. ஆனாலும் ஏழாவது இன்னிங்ஸில் அடித்து ஓடி, ஹோம் பிளேட்டை மிதிக்காமல் தாண்டி, ஓடிப்போய் மறுபடி மிதித்து ஆட்டத்தின் முதல் ரன்னை எடுத்ததும் அவர்தான். மைதானமே சிரித்தது. நான்காவது ஆட்டத்தில் 150க்கு மேல் பந்துகள் வீசி, ஒன்பது இன்னிங்ஸும் தானே நின்று 5-4 என்று ஜெயித்தார். இரண்டு ஆட்களை பேஸில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஜோ மார்கனை, உயரப் போய் எளிதாகப் பிடிபடும் பாப்-அப் அடிக்க வைத்தார். ஆறாவது ஆட்டத்தில் அடிவாங்கி எட்டாவது இன்னிங்ஸில் வெளியேறினார். அந்த ஆட்டம் பாஸ்டனின் ஃபிஸ்க் அடித்த ஹோம் ரன்னால் காவியமாகிவிட்டது. தொடரை ரெட்ஸ் எடுத்துக்கொண்டது. பெற்றோர் இருவரும் திரும்பிப் போகவில்லை. 1976 டிசம்பரில், சில நாள் இடைவெளியில், இருவரும் பாஸ்டனிலேயே காலமானார்கள்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

1987ல் கேட்ஃபிஷ் ஹன்டரை உள்ளே சேர்த்தீர்கள். 224 வெற்றி, 166 தோல்வி, ஈ.ஆர்.ஏ 3.26, 42 ஷட் அவுட், 2,012 ஸ்ட்ரைக் அவுட். டியான்ட்டின் கணக்கை மேலே கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹன்டரிடம் ஐந்து உலகத் தொடர் மோதிரமும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்றும் இருந்தன, டியான்ட்டிடம் இரண்டும் இல்லை. அந்த வித்தியாசம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது பேஸ்பால் எழுத்தாளர்கள் போடும் ஓட்டில் ஒருவருக்கு எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேலும், இன்னொருவருக்கு அடுத்த வருடம் 30.9 சதவீதமும் தரும் அளவுக்கு வித்தியாசமா? 1988ல் வந்த அந்த 30.9தான் டியான்ட் எட்டிய உச்சம். 1989ல் கேலார்ட் பெர்ரி, ஃபெர்குசன் ஜென்கின்ஸ், ஜிம் காட் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டியலுக்கு வந்தார்கள். டியான்ட் 10.5க்கு இறங்கினார். அப்புறம் சீவர், கார்ல்டன், ஃபில் நீக்ரோ (Niekro), சட்டன், ரயன் என்று 300 வெற்றிக்காரர்களாக வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு தலைமுறையில் பெரிய ஆட்கள் அதிகம் இருந்தது டியான்ட்டின் குற்றமா? 2002 வரை பதினைந்து வருடம் அந்தப் பட்டியலில் நின்று கடைசியில் கழன்றுபோனார்.

அதன் பிறகு கமிட்டிகள். அண்மையில் மட்டும் 2011, 2014, 2017, 2024. 2017ல் நடந்தது இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. அதே பட்டியலிலிருந்து ஜாக் மாரிஸை எடுத்தீர்கள். 254 வெற்றி, ஆனால் ஈ.ஆர்.ஏ 3.90, ஷட் அவுட் 28. மாரிஸுக்காகச் சொல்லப்பட்ட பெரிய வாதம் 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் வீசிய பத்து இன்னிங்ஸ் ஷட் அவுட். நல்ல வாதம்தான். பெரிய மேடையில் ஒருவர் காட்டிய திறமைக்கு மதிப்புண்டு என்றால் 1975 அக்டோபருக்கு ஏன் இல்லை? எண்களுக்கு மதிப்பு என்றால் 49 ஷட் அவுட்டுக்கு ஏன் இல்லை? இரண்டு அளவுகோலில் எதை எடுத்தாலும் ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் வைக்க முடியாது.

இன்னொன்று, சொல்லக் கசப்பாக இருக்கிறது. ரான் சான்டோ 2010 டிசம்பரில் இறந்தார், 2011 டிசம்பரில் தேர்ந்தெடுத்தீர்கள். மினி மினோசோ 2015ல் போனார், 2021ல் எடுத்தீர்கள். டிக் ஆலன் 2014லும் 2021லும் ஒரே ஓட்டில் தவறினார், அதற்கிடையில் 2020ல் காலமாகிவிட்டார், 2024ல் கூப்பிட்டீர்கள். டேவ் பார்க்கருக்காவது செய்தி காதில் விழுந்தது. 2025 ஜூலையில் மேடையில் ஏற இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அவரும் போய்விட்டார். செத்த பிறகு பால் ஊற்றுவது எங்கள் ஊரில் சடங்கு. நீங்கள் அதையே தேர்வு முறையாக வைத்திருக்கிறீர்கள். டியான்ட்டுக்கு அந்தப் பாலும் இல்லை.

அந்த ஓட்டெடுப்பின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள், நீங்கள் வெளியிட்ட எண்களை வைத்தே. கமிட்டியில் 16 பேர். ஒருவர் அதிகபட்சம் மூன்று பேருக்குத்தான் ஓட்டுப் போடலாம். ஆக மொத்தம் 48. தேர்வாக 12 வேண்டும். 2024ல் பார்க்கர், ஆலன், ஜான் மூவருக்கும் சேர்த்து 34 போய்விட்டது. மீதி ஐந்து பேருக்கு, எல்லோரும் மூன்று ஓட்டையும் பயன்படுத்தியிருந்தால்கூட, மிச்சம் 14. ஆளுக்கு மூன்றுகூடத் தேறாது. இரண்டு பேர் கணக்காக 12, 12 என்று வாங்கித் தேர்வானாலே மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து 24தான், சராசரி நான்கு. அதாவது கமிட்டி இரண்டு பேரை எடுத்துவிட்டால் மற்றவர்களில் பெரும்பாலோர் ‘ஐந்துக்கும் குறைவு’ ஆவதற்கு அவர்கள் தகுதி காரணமே இல்லை. கூட்டல் கழித்தல்தான் காரணம். டியான்ட் தகுதியானவர் என்று பத்துப் பேர் நினைத்திருந்தாலும், அவர்களுக்கு அவர் நான்காவது ஆளாகத் தோன்றியிருந்தால் அவருக்கு விழுவது பூஜ்யம்.

இந்த முறையை வைத்துக்கொண்டே 2025ல் புதிதாக ஒரு விதியையும் கொண்டுவந்தீர்கள். ஐந்து ஓட்டுக்கும் குறைவாக வாங்குபவர் மூன்று வருடம் கழித்து வரும் அடுத்த பட்டியலில் இடம்பெற முடியாது. பிறகு ஒருமுறை வந்து அப்போதும் ஐந்து விழாவிட்டால் ஆயுளுக்கும் கிடையாது. இறந்தவர்களுக்கு ஆயுள் என்ன ஆயுள், விடுங்கள். இந்த விதி 2025 டிசம்பரில் முதல்முறை பாய்ந்தபோது அகப்பட்டவர்களில் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவும் ஒருவர். மெக்சிகோவின் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலிஸையே தன் பக்கம் இழுத்த பிட்சர், டியான்ட் இறந்த அதே 2024 அக்டோபரில் இறந்தவர். ஸ்பானிஷ் பேசும் ரசிகர்களை மைதானத்துக்கு அழைத்துவந்த இரண்டு பெரிய பிட்சர்களும் ஒரு வருட இடைவெளியில் உங்கள் ‘ஐந்துக்கும் குறைவு’ வரிக்குள் போய்விட்டார்கள். இதில் யாருடைய உள்நோக்கத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு ஓட்டுப் போடுபவர்களைக்கூட இந்த முடிவுக்குத் தள்ளும் முறை அது, அவ்வளவுதான்.

2024 ஓட்டெடுப்பு புது விதிக்கு முந்தியது என்பதால் டியான்ட் 2027 டிசம்பர் பட்டியலுக்கு வர இன்னும் தடையில்லை. அங்கேயும் அவர் ஐந்தைத் தொடாவிட்டால் பின்னால் வரும் ஒரே ஒரு வாய்ப்போடு கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும். அந்த 1975 கூட்டத்தில் இருந்தவர்களில் இளையவர்களே இப்போது அறுபதைத் தொட்டவர்கள். அவரை எதிர்த்து பேட் செய்தவர்கள் எண்பதைச் சுற்றி இருக்கிறார்கள். சாட்சி சொல்ல ஆள் இருக்கும்போதே வழக்கை விசாரிப்பதுதானே முறை?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

2027 டிசம்பர் பட்டியலைத் தயாரிக்கும் பதினொரு பேர் கொண்ட வரலாற்றுக் குழுவின் முன், டியான்ட்டின் பெயரை அவர் பற்றிய முழு ஆவணத்தோடு வையுங்கள். அதில் 1968ம் 1975ம் மட்டும் இருந்தால் போதாது. 1971க்குள் மூன்று அணிகள் கைகழுவிய பிறகு அவர் திரும்பி வந்த கதையும், அப்பா ஆடிய லீக்கின் கதையும் இருக்க வேண்டும்.

ஒருவருக்கு மூன்று ஓட்டு என்ற உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று கேளுங்கள். 12 பேர் ஆம் என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. ஒருவருக்கு ஆம் என்பதால் இன்னொருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது. கமிட்டி கண்டவரையெல்லாம் சேர்த்துவிடும் என்று பயமிருந்தால், 12 என்பதை 13 ஆக்குங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உச்சவரம்பு இருக்கும்வரை ஐந்து ஓட்டு விதியை நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே அதில் சிக்கிய வலென்சுவேலாவின் விஷயத்தையும் மறுபடி பாருங்கள்.

எண்பதைத் தாண்டி உயிரோடு இருக்கும் ஆட்டக்காரர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று காக்க வைக்காதீர்கள். 2024ல் ஏழு ஓட்டு வாங்கிய, 288 வெற்றிக்காரரான டாமி ஜானுக்கு 2027 டிசம்பரில் 84 வயது. அவர்களுக்கென்று வருடாவருடம் ஒரு தனி ஓட்டெடுப்பு வைப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?

கடைசியாக, இதற்கு விதி எதையும் மாற்ற வேண்டாம், ஒரு அறிக்கை போதும். 2024 டிசம்பரில் டியான்ட்டுக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பதை வெளியிடுங்கள். யார் போட்டார்கள் என்று கேட்கவில்லை, எண்ணிக்கையை மட்டும். அது பூஜ்யமாகவே இருந்தாலும் பரவாயில்லை, 2027க்கு முன்னால் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஃபென்வே ப்ளீச்சரில் உட்கார்ந்து பேஸ்பால் கற்றுக்கொண்ட ஒரு ரசிகன்,
மாசசூசெட்ஸ்